நாலு புள்ளி ஐந்து ஆறு

போன மாதம் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடையில் உட்கார்ந்து, மச்சான் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் எங்கள் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் படங்கள், கதவுப்பிடி வரைக்கும் செம்மண். பக்கத்து மேசையில் இருந்த தம்பி ஒருவர் எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து வயது இருக்கும். "அண்ணே, உங்க வண்டியா? செம்மயா இருக்கு. எத்தனை இன்ச் ஏத்தியிருக்கீங்க?" என்றார். நான் வேறு ஏதோ நினைப்பில், "ஃபோர் பாயிண்ட் ஃபைவ் சிக்ஸ்" என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கண் விரிந்தது. "நாலரை இன்ச்சா? படத்துல அப்படித் தெரியலையே!"

இன்ச் கணக்கு இல்லை, ஆக்ஸில் கியரின் விகிதம், சுழற்சியைக் கொண்டுவரும் ஷாஃப்ட் 4.56 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்று விளக்கினேன். முன்னாலும் பின்னாலும் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் இரண்டையும் மாற்றியதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓ, சரிண்ணே. லிஃப்ட் எத்தனை?" என்றார். ஸ்பிரிங்கால் வண்டியின் உடம்பைத் தூக்கிய உயரத்தைக் கேட்கிறார். இரண்டு இன்ச் என்றேன். "ரெண்டுதானா" என்று அவர் வாய் சொல்லவில்லை, முகம் சொல்லியது. கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனவருக்குக் காட்டும் முகம் அது. அப்புறம் தன் கோப்பியை எடுத்துக்கொண்டு நண்பர்களிடம் போய்விட்டார்.

அந்த முகம் எனக்குப் புதியதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் என் முகமும் அதுதான். யார் வண்டியைப் பார்த்தாலும் முதல் கேள்வி எத்தனை இன்ச், இரண்டாவது கேள்வி என்ன டயர். மூன்றாவது கேள்வி ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. அதை எனக்குச் சொல்லித் தந்த மனிதர் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, சும்மா ஒரு நையாண்டியாகத்தான் கேட்டார். அதைத்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

இந்த வண்டி ஏன் சிங்கப்பூரில் இல்லை என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டி வாங்கவே ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழின் ஏல முடிவைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கும் ஜாதி நான். அப்படியே வாங்கினாலும் எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? தீவிலேயே உயரமான இடம் புக்கிட் தீமா, 164 மீட்டர். அதன் உச்சிக்கும் தார் போட்டு வைத்திருக்கிறார்கள். காக்கி புக்கிட் பக்கம் போனால் நிறுவனங்களின் பிக்கப்புகள் உயர்த்திய உடம்பும் கட்டை டயருமாக வரிசையாக நிற்கும். பின்கதவில் வேக வரம்பைக் காட்டும் 70 என்ற வட்ட வில்லை வேறு ஒட்டியிருக்கும். அவற்றில் பாதி, மண்ணைப் பார்ப்பது கட்டுமானத் தளத்து வாசலில் மட்டும்தான்.

எனக்கு மண் சாலை பழகியது தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவச் சேவையில். ஓட்டுநராகப் போட்டார்கள். ஐந்து டன்னரும் லேண்ட் ரோவரும் ஓட்டினேன். மழை நாளில் பயிற்சிக் காட்டுக்குள் லோ கியரை, அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியரைப் போட்டு வண்டியைத் தவழ விடும்போது வரும் அந்தச் சத்தம், இரண்டு வருடம் முடிந்து வெளியே வந்த பிறகும் காதைவிட்டுப் போகவில்லை. அதற்கும் முன்னால், பள்ளிக்கூட வயதில், 1993-இல் கேமல் டிராஃபி என்ற காட்டு வண்டிப் போட்டி மலேசியாவின் சாபாவில் நடந்தபோது வந்த படங்களை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். ஆற்றுக்குள் பானட் வரை முங்கிய மஞ்சள் லேண்ட் ரோவர் டிஸ்கவரிகள். இத்தனை ஆசையும் 25 வருடம் விரைவுச்சாலையிலேயே ஓடித் தேய்ந்தது.

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் கூலாயில் மாமா வீடு. மாமா பையன், என் மச்சான், 1995 மாடல் ஹைலக்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது என்றான். டர்போ இல்லாத 2.8 லிட்டர் டீசல். முன்னாலும் பின்னாலும் பட்டை ஸ்பிரிங், முன்னாலும் இரு சக்கரத்தையும் ஒரே துண்டாக இணைக்கும் முழு ஆக்ஸில். தோட்டத்துக் குத்தகைக்காரர் ஒருவர் ஓட்டித் தேய்த்தது. பாதிப் பணம் நான் போட்டேன், பெயர் அவனுடையது. மலேசியப் பதிவு வண்டியைச் சிங்கப்பூரர் நான் இங்கே ஓட்டிவர முடியாது. ஆகவே அது கடற்பாலத்தைத் தாண்டியதே இல்லை. நான்தான் சனிக்கிழமை விடியற்காலையில் 950 பேருந்தில் ஏறி, வரிசையில் நின்று, அதைப் பார்க்கப் போவேன். மனைவி அதைச் 'சின்ன வீடு' என்பாள்.

எக்செல்லில் கட்டிய வண்டி

வண்டி அங்கே, நான் இங்கே. வார நாளில் என் கைக்கு எட்டியது கணினி மட்டும்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியைக் கட்டினேன். ஒரு வரிசையில் இரண்டு இன்ச், மூன்று இன்ச், நாலு இன்ச். அடுத்த வரிசையில் டயர். எங்கள் வண்டியில் இருந்தது 205ஆர்16. விட்டம் 29 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். நான் ஆசைப்பட்டது 285/75ஆர்16, கிட்டத்தட்ட 33. அது உள்ளே உரசாமல் சுற்ற வேண்டுமென்றால் நாலு இன்ச் உயர்த்து என்றார்கள். நாலு இன்ச் என்று எழுதிப் பார்த்தால் கண்ணுக்கும் நன்றாக இருந்தது. சரி, நாலு.

அந்தத் தாளில் நான் எழுதாமல் விட்டவைதான் பிறகு ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டின. முதல் விஷயம், ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது சேசிஸும் உடம்பும்தான். முழு ஆக்ஸில் வண்டியில், நடுவில் தொங்கும் அந்த டிஃப் (டிஃபரன்ஷியல்) குண்டு, கிரவுனும் பினியனும் இருக்கும் அந்த உருண்டைக் கூடு, இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிப்பதும் குண்டுதான். அதை மேலே தூக்க டயரால் மட்டுமே முடியும். அதிலும் விட்டம் கூடியதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். 29-இலிருந்து 33-க்குப் போன எங்களுக்குக் குண்டுக்கு அடியில் கூடியது இரண்டு இன்ச்சுக்கும் குறைவு. உயரத்தால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேட்டில் மூக்கு இடிக்காது, வரப்பைத் தாண்டும்போது வயிறு தட்டாது, பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் நான் நாலு இன்ச் உயரமும் குண்டுக்கு அடியில் கிடைக்கும் என்பதுபோல ஒரு கனவில் இருந்தேன்.

இரண்டாவது, ஸ்பிரிங்கின் கனம். பட்டை ஸ்பிரிங் வாங்கும்போது நிரந்தரமாக எத்தனை கிலோ சுமை ஏற்றி வைப்பீர்கள் என்று கேட்பார்கள். சும்மா ஓடும் வண்டிக்கு ஒன்று, 150 கிலோவுக்கு ஒன்று, 300 கிலோவுக்கு ஒன்று. கனமானது என்றால் உறுதியானது என்று நினைத்து 300 கிலோ செட்டை எடுத்தேன். பின்னால் ஏற்றியது என்னவோ ஒரு ஐஸ் பெட்டி, ஒரு ஸ்பேர் டயர், மச்சானின் மீன்பிடி சாமான். வெறும் வண்டிக்கு அந்தப் பட்டைகள் வளையவே மறுத்தன. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்க வேண்டிய இடத்தில் இன்னொரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. கூலாய் சடக்கில் சின்னக் குழி வந்தாலும் முதுகெலும்பு முறையிட்டது. அத்தை ஒரே ஒரு தடவை ஏறினார். கோயில் வாசலில் இறங்கி, "திரும்பிப் போறதுக்கு வேற வண்டி பாருடா" என்று மச்சானிடம் சொல்லிவிட்டார்.

மற்றவை எல்லாம் நானும் மச்சானும் இரண்டு வார இறுதிகளில் வீட்டு வாசலிலேயே பூட்டிய வேலையின் பலன். முன்பட்டை அதிகமாக வளைந்ததால் ஆக்ஸில் கொஞ்சம் திரும்பி, ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது நின்றுபோனது. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வைத்துக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சரிவு கூடிவிட்டதால் 80 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு முனகல். இதில் என்னைக் கொஞ்சம் நடுங்க வைத்தது பிரேக் ஹோஸ். ஒரு நாள் ஜாக்கியில் உடம்பைத் தூக்கிப் பின் ஆக்ஸிலைத் தொங்க விட்டுப் பார்த்தபோது, அந்த ரப்பர் ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. இன்னும் ஒரு இன்ச் தொங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமையே மச்சான் நீளமான ஹோஸ் வாங்கி மாட்டினான். மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி, சோதனை என்ற கதையை இங்கே இழுக்கவில்லை. பாலத்தின் எந்தப் பக்கம் இருந்தாலும், வண்டியை மாற்றுவதற்கு முன்னால் என்ன மாற்றலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றிவிட்டுக் கேட்காதீர்கள்.

இத்தனைக்கும் படத்தில் வண்டி அமர்க்களமாக இருந்தது. அலுவலகத்தில் எல்லாரிடமும் காட்டினேன்.

கால்வாய்க்குள்

டிசம்பர். வடகிழக்குப் பருவமழை ஜோகூரை ஊறப்போட்டிருந்தது. இதே மழையில்தான் 1997 முதல் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுப் போட்டியை மலேசியாவில் நடத்துகிறார்கள். எங்களுக்கு அவ்வளவு பேராசை இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்பனைத் தோட்டத்தில், அனுமதி கேட்டு, மேட்டில் ஏறி மறுபக்கம் ஓடைவரைக்கும் இறங்கி வருவது. அவ்வளவுதான். நான் ஓட்ட, இடப்பக்கம் மச்சான். மாமா தன் கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். நாற்பது வருடம் தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் வண்டியின் மேல் அவருக்கு எந்தக் கருத்தும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. புது டயர் மண்ணைக் கடித்து இழுத்தது. உச்சியில் நிறுத்தி, நாலு பக்கமும் படம் எடுத்து, பெருமைப்பட்டு, இறங்கத் தொடங்கினோம். நூறு மீட்டர்கூட இருக்காத சரிவு. மேலே சிவப்புக் களி சவ்வு மாதிரி படிந்திருந்தது. இடப்பக்கம் தோட்டத்துக் கால்வாய், இடுப்பளவு ஆழம். ராணுவத்தில் சொல்லித் தந்தபடியே லோவில், முதல் கியரில், காலை எல்லாப் பெடலிலிருந்தும் எடுத்துவிட்டேன். இஞ்சினே பிடித்துக்கொண்டு இறக்க வேண்டும். இறக்கியது, ஆனால் நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக. நடந்து இறங்கும் வேகம் வேண்டிய இடத்தில் ஓட்ட நடையாகப் போனது. குழி ஒன்றில் துள்ளியதும் வயிறு கலங்கியது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. லேசாகத்தான் தொட்டேன்.

நாலு சக்கரமும் நின்றுவிட்டன. வண்டி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல், சோப்பு தேய்த்த தரையில் பெஞ்சை நகர்த்துவதுபோலப் பின்பக்கம் மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. மச்சான் "டேய் டேய் டேய்" என்றது மட்டும்தான் கேட்டது. இடது சக்கரங்கள் இரண்டும் கால்வாய்க்குள் இறங்கி, வண்டி சாய்ந்து, கரையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. நான் ஸ்டியரிங்கில் தொங்கினேன். ஐஸ் பெட்டி பின்னால் எங்கேயோ போய் மோதிய சத்தம் தாமதமாக வந்தது. அந்தச் சாய்வில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் ஆசை ஆசையாக ஏற்றிய நாலு இன்ச்சும் எவ்வளவு உயரம் என்று உடம்புக்குத் தெரிந்தது. கரை மட்டும் இல்லையென்றால் முழுதாகப் புரண்டிருக்கும். மச்சான் என் மேல் ஏறித்தான், என் கதவு வழியாக வெளியே வந்தான்.

மாமா கப்சாயை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். எங்களுக்கு அடிபடவில்லை என்று பார்த்துக்கொண்டார். வண்டியைப் பார்க்கவில்லை. சரிவில் குந்தி உட்கார்ந்து, எங்கள் டயர் விட்ட தடத்தைப் பார்த்தார். இழைத்த பலகைபோல வழுவழுவென்று நீளமான கோடுகள், டயரின் பூவே பதியவில்லை.

"சக்கரம் சுத்தவே இல்ல பாரு மாப்ள. எந்தக் கியர்ல இறக்குன?"

"ஃபர்ஸ்ட்டுதான் மாமா. லோல."

"அப்புறம் எதுக்குப் பிரேக்கு?"

"பிடிக்க மாட்டேங்குது மாமா. வேகமா இழுத்துட்டுப் போவுது. முன்னாடி இப்படி இல்ல."

மாமா எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, எங்கள் 33 இன்ச் டயரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "டயர மாத்துனீங்களே, பல்ல மாத்துனீங்களா?" என்றார்.

இருபது சுற்று

தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. கதவு நசுங்கியது, கண்ணாடி போனது, அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் மாமா விடவில்லை. அவர் சொன்ன பல், டிஃபுக்குள் இருக்கும் கிரவுனும் பினியனும்தான். அதன் விகிதத்தை எண்ணிப் பார்த்துவிடலாம் என்றார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுக்கச் சொன்னார். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினோம். மச்சான் மகளின் பள்ளிக்கூடச் சாக்கட்டியால் டயரில் ஒரு கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. "நான் சுத்துறேன், நீ படுத்து எண்ணு" என்றார்.

ஒரு சக்கரம் தரையில் நிற்க, மற்றது மட்டும் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஃபுக்குள் இருக்கும் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். இரண்டு சுற்றுக்கு நாலும் கொஞ்சமும் வந்தது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் இருபது சுற்று சுற்றலாம் என்றார் மாமா. நான் சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்து, மூக்குக்கு மேலே கிரீஸ் வாடையோடு எண்ணினேன். பதினேழாவது சுற்றில் அத்தை தேத்தண்ணி என்று கூப்பிட்டார், எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாவது தடவை சக்கரம் இருபதில் நின்றபோது ஷாஃப்டின் சாக்கட்டிக் கோடு சரியாக நாற்பத்தொன்றில் வந்து நின்றது. சக்கரம் இருபது என்றால் கிரவுன் பத்து. ஆகவே 4.10. அவ்வளவு சுத்தமாக ஒரு எண் வந்து நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்தது.

அன்றிரவு 950-இல் நின்றுகொண்டே கைப்பேசியில் கணக்குப் போட்டேன். டயரின் விட்டம் 12 விழுக்காடு கூடியிருக்கிறது. அப்படியென்றால் 4.10 என்பது தரையைப் பொறுத்தவரை 3.65 ஆகிவிட்டது. உயரமான டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது. இஞ்சினுக்கு அது யாரோ எல்லாக் கியரையும் ஒரு படி உயர்த்தி வைத்ததுபோல. ஐந்தாவது கியர் ஏன் நெடுஞ்சாலை மேட்டில் செத்துப்போகிறது, சிக்னலில் மேட்டைப் பார்த்து நின்றால் ஏன் கிளட்ச் வாடை வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் ஒரே கயிற்றில் வந்து மாட்டின. நாங்கள் அதற்கெல்லாம் டீசலையும் ஃபில்டரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். முள்ளும் பொய் சொல்லியிருக்கிறது. மீட்டர் 100 என்று காட்டும்போது வண்டி 112-இல் போயிருக்கிறது. 70 வில்லை ஒட்டிய பிக்கப்புக்கு இந்த டயரைப் போட்டால், முள் 70-இல் நிற்கும்போது கேமராவுக்கு 78 தெரியும்.

12 விழுக்காடு என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நிறைய இருப்பவனிடமிருந்து எடுத்தால் தெரியாது. எங்கள் ஹைலக்ஸில் முதல் கியர் ஏறக்குறைய 4, முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.28, டிஃப் 4.10. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது இஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒன்று. 2018-இல் வந்த ஜீப் ராங்ளர் ரூபிகானில், கையால் கியர் மாற்றும் வண்டியில், இதே கணக்கு 84. எங்களிடம் இருந்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில்தான் நான் கை வைத்திருக்கிறேன், அதுவும் நாலு இரவு எக்செல் போட்டு.

தவ்கேயின் மேசை

கூலாயில் மச்சானுக்குத் தெரிந்த ஒரு சீனப் போமன், அதாவது மெக்கானிக், இருக்கிறார், பழைய டொயோட்டா ஆக்ஸிலை மட்டுமே நம்பிப் பிழைப்பவர். எல்லாருக்கும் அவர் தவ்கேதான், முதலாளி. மலாய் பேசுவார், நடுநடுவே நல்ல தோட்டத்துத் தமிழும் வரும். நான் என் புது எக்செல்லோடு போனேன். மூன்று வழி எழுதி வைத்திருந்தேன். ஒன்று, 33 டயரையே வைத்துக்கொண்டு 4.88 பல் போடுவது. இரண்டாவது, டயரைச் சிறிதாக்கி 4.56. மூன்றாவது, டிஃபைத் தொடாமல் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் 4.70 லோ கியர் போடுவது. இந்தப் பழைய டொயோட்டாவுக்கு அப்படி ஒரு செட் கிடைக்கிறது. போட்டால் 37 எழுபதைத் தாண்டிவிடும். மூன்றாவதில் எனக்கு ஒரு கண். தவ்கே ஒரே வாக்கியத்தில் அதை மூடினார். லோ போட்டால் காட்டில் நன்றாக இருக்கும், சரி, சிக்னலில் கிளட்ச் எரிவதற்கு அது என்ன செய்யும்?

மச்சானுக்கு 33-ஐ விட மனசில்லை. 4.88-உம் கெட்ட யோசனை இல்லை. கணக்குப்படி பழைய நிலையைவிடக் கொஞ்சம் மேலேயே வரும். தவ்கே உள்ளே போய் இரண்டு பினியனை எடுத்துவந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 4.56-க்கு கிரவுனில் 41 பல், பினியனில் 9. 4.88-க்கு 39, 8. எண் கூடக்கூடப் பினியனின் தலை சிறுத்துக்கொண்டே போகிறது. எட்டுப் பல் பினியன் ஒன்பதுக்குப் பக்கத்தில் தம்பி மாதிரி நின்றது. உடைந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஓட்டத்தான் ஓட்டுகிறார்கள் என்றார். ஆனால் பெரிய டயர், கனமான டயர், சின்னத் தலை, இந்த மூன்றும் சேர்ந்தால் எதில் முதலில் சத்தம் வரும் என்று என்னையே கேட்டார். அப்புறம் வண்டியின் நசுங்கிய கதவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு உயரம் எதுக்கு? பெலான் பெலான் போறவனுக்கு உயரம் வேணாம்" என்றார். பெலான் பெலான் என்றால் மலாயில் மெல்ல மெல்ல.

எனக்கு முடிவெடுக்க உதவியது பினியன் இல்லை, அந்தக் கதவு. கால்வாயில் சாய்ந்து தொங்கிய அந்த ஒரு நிமிடம். நாலு இன்ச்சை இறக்கி, வெறும் வண்டிக்கான மெல்லிய பட்டையோடு இரண்டு இன்ச் ஆக்கினோம். டயர் 235/85ஆர்16. விட்டம் 31.7, ஆனால் ஒல்லி. களியின் மேல் மிதக்காமல் அதை வெட்டிக்கொண்டு கீழே இருக்கும் கெட்டி மண்ணைத் தேடும். எங்கள் செம்மண்ணுக்கு அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். மணலில் ஓட்டுபவர் வேறு சொல்வார், சொல்லட்டும். அந்த டயருக்குப் பழைய நிலை திரும்ப 4.45 வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காது. பக்கத்தில் இருப்பது 4.56. அதனால்தான் அந்த எண். இரண்டு ஆக்ஸிலுக்கும் ஒரே விகிதம் வேண்டும் என்பதால் செலவும் இரண்டு மடங்கு. பின்னால் மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கரத்தையும் இணைத்தால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் இழுத்து நடுவில் எதையாவது முறித்துவிடும்.

பல் மாற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். இந்த ஆக்ஸிலில் ஒரு வசதி, குண்டை அப்படியே கழற்றி மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம். தவ்கே பினியனுக்கு அடியில் காகிதம்போன்ற மெல்லிய தகடு வைத்து, கிரவுனைப் பூட்டி, டயல் கேஜை நிறுத்தி, கிரவுனை விரலால் முன்னும் பின்னும் ஆட்டினார். பல்லுக்கும் பல்லுக்கும் விடும் இடைவெளி 0.13-இலிருந்து 0.18 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். இரண்டு தலைமுடியின் தடிமன். அப்புறம் மஞ்சள் பசையைச் சின்னப் பிரஷால் நாலைந்து பல்லில் பூசிச் சுற்றினார். பசை விலகிப் பளபளத்த இடம் பல்லின் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. தலையை ஆட்டினார். கழற்றினார். வேறு தகடு. மறுபடி பசை, மறுபடி சுற்று, மறுபடி தலையாட்டல். நாலாவது தடவை, பல்லின் நடுவில் பிறை நிலா மாதிரி ஒரு தடம் விழுந்தது. அவர் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவப் போனார். முன் டிஃபுக்கு மறுபடியும் இதே கதை.

முதல் 800 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சூடேறினால் ஆற விட்டு, எண்ணெயை மாற்றச் சொன்னார். மச்சான் ஒரு மாதம் முழுக்க மளிகைக்கும் கோத்தா திங்கிக்கும் அதிலேயே போய்வந்தான். நெடுஞ்சாலை மேட்டில் ஐந்தாவது கியர் உயிரோடு இருக்கிறது என்று குரல்பதிவு அனுப்பினான். 33 டயர்களை விளம்பரம் போட்டு விற்றோம். வாங்கியவர் வண்டி என்ன, என்ன விகிதம் என்று நான் கேட்டேன். அவர் "எத்தனை இன்ச் லிஃப்ட்டுக்குப் பொருந்தும்?" என்று கேட்டார்.

அடுத்த டிசம்பரில் அதே சரிவுக்குப் போனோம். கால்வாய்க் கரையில் எங்கள் கதவு பதிந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. லோ, முதல் கியர், கால் இரண்டும் தரையில். பழைய கணக்கு 37, இப்போது 41-க்கு மேல். இஞ்சின் சும்மா ஓடும் வேகத்தில் மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட வராது. வண்டி ஒவ்வொரு குழியிலும் காலை வைத்துப் பார்த்து வைத்துப் பார்த்து இறங்கியது. பிரேக் பெடலைப் பார்க்கக்கூட இல்லை. தூறிக்கொண்டிருந்தது. மாமா குடை பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். மச்சான் மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று பேசிக்கொண்டே, வழியில் கிடந்த உதிரிப் பழத்தைக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டு. பாதிச் சரிவில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்க மெதுவா வந்து சேருங்க மாப்ள" என்றார். "நான் முன்னால போய்த் தேத்தண்ணி போடச் சொல்றேன்."